பன்னிரண்டா, இருபதா?

ஜூன் 3

அண்ணிக்கு,

இதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடாதீர்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணனிடம் சொல்லி அனுப்பினால் அவன் பாதியை மறந்துவிட்டு மீதியை மாற்றிச் சொல்வான். அதனால்தான் பதினொரு வருடம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

யானை கிடைத்துவிட்டது.

நம் பழைய பால வடிவமைப்பு அலுவலகத்தை இழுத்து மூடுகிறார்கள். ஸ்டோர்காரர் போன் செய்தார். "உங்க யானை இன்னும் மாடிப்படிக்குக் கீழதாம்மா இருக்கு. தூக்கிட்டுப் போறீங்களா, எடைக்குப் போட்டுரவா?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே வேன் பிடித்து ஓடினேன். சாம்பல் நிறப் பெட்டி, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத அந்த மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன. "நாம எங்க உக்காந்து சாப்பிடறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நின்றுகொண்டு சாப்பிட்டால் செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன்.

ஏன் எடுத்து வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நடைபாலத்தின் மூலப் படம் அதற்குள் இருக்கிறது. இணைப்புத் தகட்டை இருபது மில்லிமீட்டர் கனத்தில் வரைந்ததாக நீங்கள் சொன்னீர்கள். பட்டறைக்குப் போன படத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. பாரச் சோதனையன்று மணல் மூட்டைகளை ஏற்றியபோது தகடு வளைந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. யானையிலிருந்து சாதாரண பிசிக்குப் படங்களை மாற்றியது நான். மாற்றும்போது கெட்டது என்றீர்கள் நீங்கள். வந்ததே பன்னிரண்டுதான் என்றேன் நான். திறந்து பார்க்கலாம் என்றால் யானை அதற்குள் படுத்துவிட்டது. விசாரணையில் என் பேச்சு எடுபட்டது. உங்கள் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டார்கள்.

பொறியாளர் சங்கத்துக்கு நீங்கள் மறுபரிசீலனைக்கு எழுதியிருப்பதாக அண்ணன் சொன்னான். உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று காதில் பூ சுற்ற மாட்டேன். நான் சொன்னது சரிதான் என்று பார்க்கவே யானையை எழுப்பப் போகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அதுதான் நிஜம்.

இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மவுஸுக்கு அடியில் வைக்கிற அந்தக் கோடு போட்ட உலோகத் தட்டு. அது இல்லாமல் இந்த மவுஸ் நகராது. நீங்கள் வேலையை விட்டுப் போன நாளில் உங்கள் பெட்டியோடு போய்விட்டது என்று நினைக்கிறேன். இன்னொன்று, வரையும் மென்பொருளின் லைசென்ஸுக்குக் கேட்கிற யானையின் அடையாள எண். அது உங்களுக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நாத்தனார்


ஜூன் 9

என் கணவரின் தங்கைக்கு,

கடிதம் வந்தது.

தட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருடிக்கொண்டு வரவில்லை. பெட்டியில் தவறி வந்தது. பதினொரு வருடமாக எங்கள் சமையலறையில் சூடான பாத்திரம் இறக்கி வைக்க உதவியது. ஒரு மூலையில் கருத்திருக்கும். கோடுகள் அழியவில்லை, உருப்பெருக்கியால் பார்த்துவிட்டேன்.

அடையாள எண்ணைத் தரப் போவதில்லை. நீ சரி என்று நிரூபிக்க நான் ஏன் எண் தர வேண்டும்? அன்று விசாரணையில் ஒரு வெள்ளைத்தாளில் 'எல்லாக் கோப்புகளும் முழுமையாக மாற்றப்பட்டன' என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டாய். ஒரே ஒரு வரி. அந்த வரியால் இன்றுவரை எந்தப் பாலத்தின் படத்திலும் என் கையெழுத்து செல்லாது. மாடித் தடுப்புக் கம்பிகளுக்கும் தண்ணீர்த் தொட்டித் தாங்கிகளுக்கும் படம் வரைகிறேன். அவற்றின் மேல் வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார். அவருக்கு வயது இருபத்தெட்டு.

உன் அண்ணன் "எழுதித்தான் குடேன், என்ன குறைஞ்சிடப் போற?" என்கிறார். அவருக்கென்ன. மடியில் பூனையைப் போல ஒரு மெல்லிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு தடவிக்கொடுக்கிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மின்சாரம் கொடுத்தாயா? விசிறி முதலில் உறுமிவிட்டுப் பிறகு அடங்குமே, இப்போதும் அப்படித்தானா?

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


ஜூன் 14

அண்ணிக்கு,

உறுமியது! அடங்கியது! நான் மேசையைச் சுற்றி ஒரு சுற்று ஆடினேன். என் வீட்டுக்காரர் கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டே பார்த்தார்.

ஆனால் அதற்கு மேல் நகரவில்லை. திரையில் ஒரே புலம்பல்: நான் யார் என்று எனக்கே தெரியவில்லை, இன்று என்ன தேதி என்றும் தெரியவில்லை. அன்றைக்கு யானை ஏன் படுத்தது என்று இப்போதுதான் புரிகிறது. இதன் கடிகாரச் சிப்புக்குள்ளேயே பேட்டரியை வைத்துப் பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்ததும் தேதி போயிற்று, அதே சிப்பில் இருந்த அடையாள எண்ணும் போயிற்று. வேறு எந்தக் கோளாறும் இல்லை. ஒரு பொட்டு பேட்டரி, அண்ணி! அதற்காக யானையைச் செத்துவிட்டது என்று மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

சிப்பின் தலையை அரத்தால் தேய்த்து, உள்ளே இருந்த இரண்டு கம்பிகளையும் வெளியே எடுத்து, கைக்கடிகார பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். அரை மில்லிமீட்டர் தவறியிருந்தால் சிப் போயிருக்கும். நான் இப்போது ஒரு மருத்துவமனையில் கணினிப் பிரிவில்தானே இருக்கிறேன், அங்கே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் படம் காட்டினேன். "தையல் சுமார்தான்" என்றார்.

உங்கள் தட்டின் மேல் மவுஸ் வெண்ணெயாக ஓடுகிறது. கருத்த மூலையில் மட்டும் திக்குகிறது.

எண்ணைத் தாருங்கள். எண் இல்லாமல் யானை எழுந்து நிற்கும், ஆனால் வரையும் மென்பொருள் திறக்காது. அந்த லைசென்ஸ் இந்த எண்ணுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கும். இதுதான் யானைகளிடம் எனக்குப் பிடிக்காத குணம். நீங்கள் கழுதை என்று பெயர் வைத்தீர்களே, அந்த பிசி எதை ஏற்றினாலும் சுமக்கும். யார் நீ, என்ன எண் என்று கேட்காது. பெட்டியைத் திறந்து எந்தக் கடையில் வாங்கிய பாகத்தையும் செருகலாம். அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் அதேதான்.

நாத்தனார்


ஜூன் 20

நாத்தனாருக்கு,

கழுதை எதை ஏற்றினாலும் சுமக்கும் என்பதுதான் அதன் மேல் எனக்குள்ள புகாரே. தப்பான சுமையையும் வாயைத் திறக்காமல் சுமந்துகொண்டு போகும். யானையிடம் ஒரு கோடு சரியாகச் சேராவிட்டால் அது நின்றுவிடும், ஏன் என்று கேட்கும். ஆறு வருடம் அதன் முன் உட்கார்ந்தேன். ஒருநாளும் நடுவில் நின்றுபோய் என் வேலையை விழுங்கியதில்லை. உன் கழுதை வாரத்துக்கு இரண்டு முறை நீலத் திரையைக் காட்டிப் படுத்துக்கொண்டது. அதை நீ "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும் அண்ணி" என்று என்னவோ பல் துலக்கச் சொல்வதைப் போலச் சொல்வாய்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. புதிய ஆதாரம் எதுவும் இருந்தால் ஜூலை பத்துக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் என் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். திரும்ப எழுத வழியில்லை. என்னிடம் இருக்கும் ஆதாரம் என் வாய்ச்சொல் மட்டுமே. அதை அவர்கள் அன்றே கேட்டுவிட்டார்கள்.

ஆகவே எண்ணைத் தருகிறேன், தனித்தாளில் இருக்கிறது. வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டியது, எப்படி மறக்கும்? லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும், யானையின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்தால்தான் திறக்கும். இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு கேட்பாய். முதல் நாள் நீ வைத்துக் கொடுத்ததேதான். "மாத்துங்க அண்ணி, மாத்துங்க அண்ணி" என்று ஆறு வருடம் நச்சரித்தாய். மாற்றவில்லை.

படத்தில் தேதியையும் பார். நான் அதை வரைந்து முடித்தது மார்ச் பதினான்கு. நீ மாற்றியது மார்ச் பதினெட்டு. பதினான்காம் தேதியிட்ட கோப்பில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் பதில். பன்னிரண்டு என்று இருந்தால் எனக்கு எழுது, மறைக்காதே. விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

உன் அண்ணி


ஜூன் 26

அண்ணி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை எண்ணைப் போட்டேன். யானை எழுந்தது. லைசென்ஸுக்காகக் கடிகாரத்தை அந்த வருடத்துக்குத் தள்ள வேண்டுமே, கைக்கு வந்தபடி ஜனவரி ஒன்று என்று வைத்தேன். உங்கள் பெயரில் உள்ளே போனேன். நடைபாலத்தின் படத்தைத் திறந்தேன். திரை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக நிரம்பியது. இணைப்புத் தகட்டின் மேல் மவுஸை வைத்து அழுத்தினேன்.

இருபது.

அண்ணி, இருபது என்றுதான் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். அப்போதும் இருபது. படத்தை மூடினேன். சேமிக்கவா என்று கேட்டது. என் விரல் ஆமாம் என்று தட்டிவிட்டது.

தினமும் நூறு தடவை தட்டுகிற விரல். தட்டிய பிறகுதான் புரிந்தது. கோப்பின் தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று. மார்ச் பதினான்கு போயிற்று. நடைபாலத்துக்கு ஒப்பந்தமே ஆகாத நாளில் வரைந்த படம் என்று இப்போது அது சொல்கிறது. பார்க்கிற எவரும் இது ஜோடித்த கோப்பு என்றுதான் சொல்வார்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்கு முதலில் பிரதி எடுக்கவில்லை. மருத்துவமனையில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்கிற முதல் வார்த்தை, "தொடறதுக்கு முன்னாடி காப்பி எடு." நான் எடுக்கவில்லை. என்ன இருக்கிறது என்று பார்க்கிற அவசரம். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

ஒரு வழி இருக்கிறது. கடிகாரத்தை மார்ச் பதினான்குக்கு வைத்து, திறந்து, இன்னொரு தடவை சேமித்தால் போதும். பழைய தேதி வந்துவிடும். அது பொய்யும் இல்லை, உண்மையில் இருந்த தேதிதானே? சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இன்னொன்றும் என்னைக் குடைகிறது. உள்ளே இருபது இருக்கிறது. அப்படியானால் என்னிடம் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? நான் எந்த எண்ணையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

நாத்தனார்


ஜூன் 30

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வேண்டாம். தேதியைத் தொடாதே. உண்மையை ஒரு போலித் தேதியின் மேல் நிறுத்தினால் அது என் ஆயுளுக்கும் ஆடிக்கொண்டேயிருக்கும். பன்னிரண்டு மில்லிமீட்டர் தகடு ஆடியதைப் பார்த்தவள் நான்.

அதைவிட மோசமான ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி. அந்த இருபது நிஜமாகவே அங்கே இருந்ததா? அண்ணி பாவம், காலக்கெடு நெருங்குகிறது என்று நினைத்து நீயே பன்னிரண்டை இருபதாக்கிச் சேமித்துவிட்டாயா? தேதி இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இப்போது அந்தக் கோப்பைப் பார்த்தால் உன் இரக்கம் தெரிகிறதா என் எண் தெரிகிறதா என்று எனக்கே சொல்ல முடியவில்லை. நீ விசாரணையில் எழுதிய வரியைக்கூட மன்னித்துவிடுவேன். இதில் என்மேல் பரிதாபப்பட்டிருந்தால் மன்னிக்க மாட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.


ஜூலை 4

அண்ணி,

பரிதாபமா? நானா? பன்னிரண்டு வர வேண்டும், பன்னிரண்டு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அந்தப் படத்தைத் திறந்தவள் நான். இருபதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் நினைவே வரவில்லை. 'ஐயோ, மாட்டிக்கொண்டோம்' என்றுதான் நினைத்தேன். கேவலமான நினைப்புதான். ஆனால் என் மேல் உங்களுக்குள்ள சந்தேகம் தீர வேறென்ன சொல்ல?

சொல்வதைவிட, கண்டுபிடித்ததைத் தருகிறேன்.

இந்தத் தடவை முதலில் பிரதி எடுத்தேன். பிறகு சாப்பாட்டு மேசையில் யானைக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய கழுதையையும் வைத்துக் கேபிள் போட்டேன். தகடு முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்று யானையில் புதிதாக ஒரு படம் வரைந்தேன். அன்று செய்த மாதிரியே மாற்றினேன். கழுதை கொஞ்சமும் கூசாமல் பன்னிரண்டு என்று காட்டியது. ஐம்பது என்று வரைந்தேன். அதற்கும் பன்னிரண்டு! எதைக் கொடுத்தாலும் பன்னிரண்டு. சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது.

பிறகு உங்கள் ஃபோல்டரில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யானை ஒரு படத்தை ஒரே கோப்பாக வைப்பதில்லை. கோடுகள் ஒரு கோப்பில். கனம், எடை, துளை அளவு எல்லாம் அதே பெயரில் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணைக் கோப்பில். இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் முழுப் படம். கழுதைக்கு அட்டவணை வரவில்லையென்றால் அது யாரையும் கேட்காது, தனக்குத் தெரிந்த வழக்கமான அளவைப் போட்டுக்கொள்ளும். அந்த வழக்கமான அளவு பன்னிரண்டு. நம் அலுவலகத்தின் மற்ற படங்களில் எல்லாத் தகடும் பன்னிரண்டுதான். அதனால் நான் மாற்றிய மற்ற இருநூறு படத்திலும் தப்பு தெரியவில்லை. நீங்கள் ஒருத்தர்தான், ஒரே ஒரு பாலத்துக்கு, இருபது போட்டீர்கள்.

அட்டவணையையும் சேர்த்து எடுத்தேன். கழுதை இருபது என்றது.

என் பழைய வேலை நோட்டுகள் பரணில் இருந்தன. மார்ச் பதினெட்டு. எடுத்த கோப்புகளின் பட்டியல், என் கையெழுத்தில், எட்டுப் பக்கம். எல்லாம் படக் கோப்புகள். அட்டவணைக் கோப்பு ஒன்றுகூட இல்லை. பதினொரு வருடமாக இந்த நோட்டு என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். நான்தான் சரி என்று அவ்வளவு நிச்சயமாக இருந்ததால் பார்க்கவே தோன்றவில்லை. ஊரில் உள்ள எந்தப் பெட்டியைக் கண்டாலும் உள்ளே என்ன என்று திறந்து பார்க்கிறவள், இதைத் திறக்கவில்லை.

'எல்லாக் கோப்புகளும் முழுமையாக மாற்றப்பட்டன' என்று நான் எழுதியது தவறு. அந்தப் பக்கங்களின் நகலோடு நேற்று சங்கத்துக்கு எழுதிவிட்டேன். கோப்பின் தேதியை நானே கெடுத்ததையும் எழுதியிருக்கிறேன். இரண்டு இயந்திரங்களையும் கொண்டுவந்து அவர்கள் கண்முன்னே செய்து காட்டுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். இதன் நகல் உங்களுக்கும் வருகிறது.

மருத்துவமனையிலும் சொல்லிவிட்டேன். நோயாளிகளின் பதிவுகளைப் பழைய இயந்திரங்களிலிருந்து புதியதற்கு மாற்றுகிற வேலை இந்த மாதம் தொடங்குகிறது, அதன் பொறுப்பு என்னுடையது. இதே மாதிரி வேலையில் ஒரு தடவை பாதியை விட்டவள் நான் என்று அவர்கள் வேறு யார் வாயிலாவது கேட்கக் கூடாது. என்ன முடிவெடுப்பார்கள் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

மன்னிப்பு என்கிற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன், தாளின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். நீங்கள் சரியாகத்தான் வரைந்தீர்கள் அண்ணி.

நாத்தனார்


ஜூலை 29

வாயாடிக்கு,

போன வாரம் சங்கத்தின் அறையில் பேசியிருக்கலாம். நான் பையை எடுப்பதற்குள் நீ கேபிள்களைச் சுருட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாய். ஆகவே மறுபடி கடிதம்.

நீ யானையை எழுப்பியபோது குழுவில் இருந்த ஐந்து பேரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். விசிறி உறுமியதும் பெரியவர் ஒருவர் பயந்து பின்வாங்கினார். முப்பத்தைந்து பன்னிரண்டானதைப் பார்த்து, "எங்க, இன்னொரு தடவ செய்ங்க" என்றார்கள். நான்கு தடவை செய்ய வைத்தார்கள். கடைசியில் தலைவர் உன்னிடம், "இதப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். "தெரியாது சார். தெரிஞ்சுக்கவும் பாக்கல" என்றாய். வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

இன்று காலை கடிதம் வந்தது. பதிவேட்டில் இருந்த அந்த வார்த்தையை நீக்கிவிட்டார்கள். என் கையெழுத்து இனிச் செல்லும்.

மருத்துவமனை உன்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரின் கீழ் போட்டிருப்பதாக உன் அண்ணன் சொன்னார். ஒரு காலத்தில் இப்படி ஒரு செய்தி கேட்டால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறேன். சந்தோஷம் வரவில்லை. வருத்தமாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். கோபம் போய்விட்டதா என்று மட்டும் கேட்காதே. முழுதாகப் போகவில்லை. ஆனால் உனக்குத் திட்டு வாங்கப் பயமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வா, ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டுகிறேன்.

இன்னொன்று இருக்கிறது. உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

நான் வரைந்தது இருபதுதான் என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன். ஆனால் இரண்டு மூன்று வருடம் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் பன்னிரண்டு என்று போட்டேனோ? அதன் பிறகு என் கையை நான் நம்பவில்லை. எந்தப் படத்திலும் ஒரு எண்ணை எழுதினால் மூடுவேன், திறப்பேன், மறுபடி மூடுவேன். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை. வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழி வந்த பிறகு, திரும்பிப் போய் அலுவலகக் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்த நாட்கள் எத்தனையோ. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று உன் அண்ணனிடம் சொல்வேன். இவ்வளவு மறதிக்காரியா நீ என்று சிரிப்பார்.

இன்று ஒரு தண்ணீர்த் தொட்டித் தாங்கியின் படம். அடித்தகட்டின் கனத்தை எழுதினேன். ஒரு தடவை சரிபார்த்தேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். விளக்கை அணைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன்
அண்ணி